ஒப்படையும் மாற்றுத்திறனாளி மாணவரும்: வன்னியிலிருந்து சில கேள்விகள்

கம்பஸ்களில் கொடுக்கும் எழுத்து ஒப்படைகளை (அசைன்மென்ட்) மாற்றுத்திறனாளி மாணவர்களும் செய்யக்கூடியதாக்குவது எப்படி என்று கேட்டு வந்தவற்றுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

விரிவுரையாளர், கிளிநொச்சி: வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். ஒப்படையை வேர்ட் கோப்பாகத்தான் அனுப்புகிறேன். ஆனாலும் போன் அதை வாசிக்கவில்லை என்கிறார்.

நீங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் இன்னும் பலர் அதில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பாவம், பிள்ளைக்குக் கேட்பது வெறும் உளறல்.

கணினி தமிழ் எழுத்தாகவே அறிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய கையோடு அனுப்பிவிடவும் வேண்டாம். பாமினியில் ‘இ’ வருவது காற்புள்ளி விசையில். அதனால் ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்த காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் உருத்தெரியாமல் போகும். ஒருதரம் வாசித்துத் திருத்துங்கள். அடுத்த ஒப்படையை முதலிலேயே யூனிகோடில் அடித்தால் இந்தக் கரைச்சலே இல்லை.

அப்புறம், வெண்பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது, பழைய வினாத்தாளை ஸ்கேன் பண்ணி அனுப்புவது. இரண்டும் திரைவாசிப்பானுக்கு வெறும் படம்தான், அதில் எழுத்தே இல்லை. உபதலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, வேர்டில் உள்ள தலைப்புப் பாணியில் போடுங்கள். அப்போதுதான் அவரால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். அவரிடம் மடிக்கணினி இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம்.

மாணவர், முல்லைத்தீவு: சின்ன வயதில் செல் (எறிகணை) பட்டு வலது கையில் விரல்கள் இல்லை. இடது கையால் எழுதுவேன், ஆனால் பத்துப் பக்கம் முடியாது. ‘ரைப் பண்ணினால் கொப்பியடிப்பீர்கள், கையால்தான் எழுத வேணும்’ என்கிறார் சேர். இதற்குச் சட்டம் ஏதும் உதவுமா?

தம்பி, போனைப் பார்த்துக் கையால் கொப்பியடிப்பவர்களும் தாராளமாக இருக்கிறார்கள். கையெழுத்து களவைத் தடுக்காது. ஒப்படை கையில் கிடைத்த பிறகு உங்களைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கதைத்தால், யார் எழுதியது என்று சேருக்கே விளங்கிவிடும். அந்த யோசனையை நீங்களே முன்வையுங்கள். ‘தட்டச்சில் தருகிறேன், பிறகு வாய்மொழியாகக் கேட்கலாம்’ என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. சேர்த்த பிறகு ஒப்படை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பெரிதாகப் பிடி கிடைக்காது. அதற்கு இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை உதவும். உயர்கல்வியில் நியாயமான வசதி செய்து கொடுக்கச் சொல்கிறது. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்டாதீர்கள், அது இரண்டாம் கடிதத்துக்கு.

போனில் குரலால் தட்டச்சு செய்வதென்றால் கூகிளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் ‘தமிழ் (இலங்கை)’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். கதைக்கிற மாதிரிச் சொன்னால் கதைக்கிற மாதிரியேதான் எழுத்து வரும். கட்டுரை நடையில் நிறுத்தி நிறுத்திச் சொல்லி, நிறுத்தற்குறிகளைப் பிறகு சரிபாருங்கள்.

விரிவுரையாளர், வவுனியா: கணக்கியல் படிக்கும் செவிப்புலனற்ற மாணவி. விளக்கம் சரி, ஆனால் வேற்றுமை உருபுகள் விடுபடுகின்றன, வினைமுற்றும் மாறி வருகிறது. புள்ளி குறைப்பதா?

பாடம் தமிழ் என்றால் குறைக்கத்தான் வேண்டும். உங்களுடையது கணக்கியல். சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சைகை மொழியின் இலக்கணம் வேறு, ‘ஐ’, ‘கு’ என்று உருபு ஒட்டும் வழக்கம் அதில் இல்லை. ஐந்தொகை (பாலன்ஸ் ஷீட்) ஏன் சமப்படவில்லை என்று அவர் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தப் புள்ளி அவருடையது. இந்த ஒப்படையால் எதை அளக்கப் போகிறோம் என்பதைக் கேள்வி எழுதும்போதே முடிவு செய்து, மொழிக்கு இவ்வளவு, விளக்கத்துக்கு இவ்வளவு என்று தாளிலேயே போட்டுவிடுங்கள். மாணவர் வந்து கெஞ்சிய பிறகு யோசிப்பதால்தான் அது சலுகை மாதிரித் தெரிகிறது.

இன்னொன்று. வகுப்பு முடிந்து கதவடியில் நின்று ‘மூன்றாம் கேள்வியை விடுங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது அந்தப் பிள்ளையைப் போய்ச் சேராது. எழுதிப் போடுங்கள்.

தாய், ஒட்டுசுட்டான்: மகனின் தலையில் செல் துண்டு இருக்கிறது. கனநேரம் வாசித்தால் தலையிடி. கம்பஸில் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை.

எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை அம்மா. என்ன நடந்தது என்பதை விட்டு, என்ன முடியவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்: ‘ஒரே இருப்பில் கனநேரம் வாசிக்க முடியாது, ஒப்படையைப் பகுதி பகுதியாகத் தரலாமா?’ மருத்துவச் சான்றிதழ் கேட்டால், அதை மாணவர் நலன் பார்க்கும் ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் போதும். சொல்வதா வேண்டாமா என்பதை மகனே முடிவெடுக்கட்டும்.

விரிவுரையாளர், வவுனியா: ஒருவருக்கு மட்டும் கூடுதல் நாள் கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்களே?

எல்லோருக்குமே கடைசித் திகதிக்குப் பிறகும் மூன்று நாள் விட்டுக்கொடுங்கள். முணுமுணுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேலும் தேவைப்படுபவரோடு தனியே கதையுங்கள்.

விரிவுரையாளர், கிளிநொச்சி: இரணைமடுக் குளக்கட்டைப் பார்த்துவிட்டு நீர் முகாமைத்துவம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருபவர்.

குளக்கட்டில் ஏறுவதற்கா புள்ளி? இல்லையே. அப்படியென்றால் தெரிவு கொடுங்கள்: குளக்கட்டைப் பார்த்து எழுதலாம், வாய்க்காலோரம் வயல் செய்யும் ஒருவரைப் பேட்டி காணலாம், சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போய் எழுதலாம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் நல்ல கட்டுரையாக வரும். குளக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியும், அதை யார் யாருக்கு எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது கூட்டத்தில்தான் தெரியும். தெரிவை வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள், அவருக்கு மட்டும் தனித் தலைப்பு வேண்டாம். கூட்டம் மேல்மாடியில் என்றால் நாற்காலி ஏற வழியிருக்கிறதா என்று முதலே விசாரித்துவிடுங்கள்.