கே1000-ல் ஐசியே கிடையாது: அப்பாவின் கேமராவை அவசரப்பட்டு விற்காதீர்கள்

கேள்வி: அப்பா விட்டுப்போன பென்டாக்ஸ் கே1000 கேமரா பீரோவில் இருந்தது. லீவர் நகர்கிறது, பட்டனை அமுக்கினால் டக்கென்று சத்தமும் வருகிறது. ஆனால் உள்ளே தெரியும் மீட்டர் முள் அசையவே இல்லை. ஊரில் ஒரு கடையில் காட்டினேன். "ஐசி போயிருக்கு, 4,500 ஆகும். பிலிமும் இப்ப கிடைக்காது. வேணும்னா 2,000 தரேன், குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். இந்து என்று அச்சிட்ட பழைய ரோல் இரண்டும் கூட இருக்கின்றன. மூன்று மாதத்தில் தம்பி கல்யாணம். அதை இந்தக் கேமராவில் எடுக்க ஆசை. என்ன செய்யலாம்? (வாசகி, கும்பகோணம்)

கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடைக்கு மறுபடி போக நேர்ந்தாலும் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பென்டாக்ஸ் கே1000-க்குள் ஐசி, அதாவது எலக்ட்ரானிக் சில்லு, என்று ஒன்று கிடையவே கிடையாது. அசாஹி ஆப்டிகல் என்ற ஜப்பான் நிறுவனம் 1976-ல் இதைக் கொண்டுவந்தபோது, ஒரு எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வருவதையே உள்கண்ணாடி வைத்துக் கண்ணுக்குக் காட்டும்) கேமராவுக்கு எதெல்லாம் இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்துச் செய்தார்கள். செல்ஃப் டைமர்கூட இல்லை. ஷட்டர் (பிலிமுக்கு முன்னால் இருக்கும் துணித்திரை) திறந்து மூடுவது, கண்ணாடி மேலே எழும்புவது, பிலிம் நகர்வது எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். மின்சாரம் வேண்டியது வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அந்த மீட்டரிலும் வெளிச்சத்தை உணரும் செல், கொஞ்சம் ரெசிஸ்டர், ஒரு முள், ஒயர், அவ்வளவே. ஆக, இல்லாத பாகத்தை மாற்ற 4,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னார்களோ தெரிந்து சொன்னார்களோ, அந்த வேலையை அவர்களிடம் கொடுக்கக் கூடாது.

இந்தக் கேமராவை 1997 வரை, அதாவது 21 வருடம், பெரிதாக எதையும் மாற்றாமல் 30 லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். போட்டோகிராபி படிக்கிறவர்களுக்கு முதல் கேமராவாக உலகம் முழுக்க வாத்தியார்கள் சொன்னது இதைத்தான். காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. மேலே ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், லென்ஸில் திறப்புக்கு ஒரு வளையம், உள்ளே ஒரு முள். முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும். வெளிச்சத்துக்கும் படத்துக்கும் என்ன உறவு என்பது இரண்டு ரோலில் கைக்கு வந்துவிடும். இன்றைக்குப் பிள்ளைகள் இதைத் தேடி அலைவதும் அதனால்தான், வெறும் பழைய பொருள் மோகம் என்று நான் நினைக்கவில்லை. பேட்டரி செத்தாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை அத்தனை வேகமும் வேலை செய்யும். பென்டாக்ஸை இப்போது வைத்திருக்கும் ரிக்கோ நிறுவனம் 2024-ல் பென்டாக்ஸ் 17 என்று புதிதாக ஒரு பிலிம் கேமரா கொண்டுவந்தது. நல்ல கேமராதான், ஆனால் பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காது. உங்கள் அப்பாவுடையது எடுக்கும்.

சரி, முள் ஏன் அசையவில்லை?

கேமராவின் அடியில் ஒரு வட்ட மூடி இருக்கும், காசு வைத்துத் திருகினால் திறக்கும். உள்ளே எல்ஆர்44 என்ற பட்டன் பேட்டரி ஒன்று. வாட்ச் கடையில் கேட்டாலே கிடைக்கும். இந்த மாடலில் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் பட்டால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், மூடி போட்டால்தான் ஓயும். லென்ஸ் மூடி தொலைந்த கே1000 எல்லாவற்றிலும் பேட்டரி செத்துத்தான் கிடக்கும். புதுப் பேட்டரி போட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் பேட்டரியைப் புரட்டி வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

பேட்டரி அறைக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் வெள்ளை வினிகரைத் தொட்டு (சொட்டக் கூடாது, ஈரமாக இருந்தால் போதும்) உப்பைத் துடைத்து எடுங்கள். செம்பு நிறமோ வெள்ளி நிறமோ பளிச்சென்று தெரியும் வரை துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு புதுப் பேட்டரி போடுங்கள். என் மேசைக்கு "மீட்டர் போச்சு" என்று வரும் கே1000-களில் பெரும்பாலானவை இதிலேயே எழுந்துவிடும். அப்படியும் எழாவிட்டால் பேட்டரி தகட்டிலிருந்து போகும் ஒயர் அரித்திருக்கும். அடிமூடியைக் கழற்றி ஒரு ஒயரைப் பற்றவைக்கிற வேலை. கை சுத்தமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்வார்.

அதுவும் நடக்கவில்லையா? மீட்டரை மறந்துவிடுங்கள். போனில் லைட் மீட்டர் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது, அது சொல்வதைக் கேமராவில் வையுங்கள். வெட்டவெளி வெயிலில் அதுகூட வேண்டாம். 200 ஐஎஸ்ஓ (பிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு) பிலிம் போட்டால் 1/250 விநாடி, எஃப் 16 (லென்ஸ் வளையத்தில் இருக்கும் எண், எண் குறைந்தால் லென்ஸ் கூடுதலாகத் திறக்கும்). சந்தேகம் இருந்தால் எஃப் 11-க்குத் திறந்துவிடுங்கள். கலர் நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் சேறு மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, அந்த 2,000 ரூபாய் சங்கதி. இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கேமராவில் இருப்பது அநேகமாக 50 எம்எம் லென்ஸாக இருக்கும். அந்த லென்ஸை இன்றைய மிரர்லெஸ் (உள்ளே எழும்பும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராக்களில் அடாப்டர் போட்டு மாட்டலாம், பென்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் அடாப்டரே இல்லாமல் மாட்டலாம். வாங்குகிற தரகர் லென்ஸைத் தனியாக ஒருவருக்கும், பாடியைத் தனியாக இன்னொருவருக்கும், தோல் உறையைக்கூட மூன்றாவது ஆளுக்கும் விற்பார். சிலர் பழைய கறுப்புத் தோலை உரித்துவிட்டுச் சிவப்பிலோ பச்சையிலோ புதுத் தோல் ஒட்டி, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய்கூட மாற்றாமல், "சர்வீஸ் செய்தது" என்று இணையத்தில் போடுகிறார்கள். புதுத் தோலைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிட்டு என்னிடம் கொண்டுவருகிற பிள்ளைகளைப் பார்க்க வயிறு எரிகிறது. "ஜப்பானில் செய்தது, அதனால் இரண்டு மடங்கு விலை" என்பது இன்னொரு கதை. பின்னாளில் ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்தார்கள், மேல்மூடி பிளாஸ்டிக் ஆனது, படம் அதே படம்தான்.

ஷட்டரை நீங்களே சோதிக்கலாம். பிலிம் இல்லாதபோது பின்கதவைத் திறந்து, லென்ஸை எஃப் 2-க்குத் திறந்து, வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து பார்த்தபடி 1/1000-ல் அமுக்குங்கள். ஒரு மின்னல் தெரிய வேண்டும், கட்டம் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் துணித்திரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, சர்வீஸ் வேண்டும். அப்புறம் 1 விநாடியில் வைத்துக் கேளுங்கள். நடுவில் தயங்கி நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் என்றால் என்ன செய்வீர்கள் என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். "பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு வேகத்தை அளந்து தருவேன்" என்றால் கொடுங்கள். "பார்ட்ஸ் போடணும்" என்று பொதுவாகச் சொன்னால் எந்தப் பார்ட் என்று கேளுங்கள். புதுப் பார்ட்டைக் கம்பெனிகள் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. நாங்கள் எல்லாம் செத்த கேமராவிலிருந்து எடுத்துத்தான் போடுகிறோம்.

பின்கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். இத்தனை வருடத்தில் அது தாராகக் கரைந்திருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். அப்படியே பிலிம் போட்டால் படத்தில் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் கசியும். பல் குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் காடியில் கறுப்புக் கம்பளி நூலை வைத்து அழுத்தினாலே போதும். சுரண்டும்போது துணுக்கு துணித்திரைமேல் விழாமல் கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள். லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். அதன் பூச்சு முன்பக்கம் இருக்கிறது, கீறினால் போனதுதான்.

லென்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கழற்றி, முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் அதுதான். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பிரித்துத் துடைத்தால் போய்விடும், கொஞ்சம் இருந்தாலும் படத்தில் தெரியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. இதில்தான் ஆட்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள். லென்ஸுக்குள் சில கண்ணாடிகள் இரண்டிரண்டாகப் பசை போட்டு ஒட்டியவை. பூஞ்சை அந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவே புகுந்திருந்தால் எவராலும் சும்மா துடைத்து எடுக்க முடியாது. பசையைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், அந்தச் செலவுக்கு இதே லென்ஸ் வேறு ஒன்று நல்லதாகவே கிடைக்கும். இன்னொரு நிலையும் இருக்கிறது: பூஞ்சையைத் துடைத்தாலும் அது கண்ணாடியின் பூச்சைத் தின்ற தடம் அப்படியே நிற்கும். அது போகாது. மெக்கானிக் துடைத்துக் கொடுத்தபின் அதே டார்ச்சை அடித்து அவர் எதிரிலேயே பாருங்கள். தடம் இருந்தால் அது அவர் தப்பு இல்லை. ஆனால் துடைக்கும் முன்பே "தடம் நிற்கலாம்" என்று சொல்லாமல் காசு வாங்கியிருந்தால் அது அவர் தப்புதான்.

பிலிம் கிடைக்காது என்பதும் பொய். கோடாக் கோல்ட் 200, அல்ட்ராமேக்ஸ் 400, கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு எச்பி5 எல்லாம் இணையத்தில் வாங்கலாம். விலைதான் கடுப்பு. எல்லாம் இறக்குமதி. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று ஒரு அரசு ஆலை 1960-ல் தொடங்கியது, அதன் சரக்குதான் உங்களிடம் இருக்கும் இந்து. சொந்த மண்ணில் பிலிம் செய்யத் தெரிந்த ஆட்களும் யந்திரமும் இருந்தன. அத்தனையையும் சீரழியவிட்டு ஆலையை மூடினார்கள். அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. அந்த இரண்டு ரோலை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்குப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் இத்தனை வருடம் கிடந்த பிலிமில் புகைமூட்டம்தான் வரும். காலாவதியான ரோலை "விண்டேஜ்" என்று கூடுதல் விலைக்கு விற்பவர்களிடமும் போகாதீர்கள். ஆனால் அந்த இரண்டில் ஒன்று அப்பா எடுத்து முடித்ததாக இருந்தால், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய பிலிமின் நாக்கு டப்பிக்குள் முழுக்கப் போயிருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கறுப்பு வெள்ளை என்று சொல்லி, தெரிந்த ஒருவரிடம் கையால் கழுவச் சொல்லுங்கள். ஏதாவது முகம் கிடைக்கலாம்.

மலிவாக ஒரு ரோல் என்று சினிமா பிலிமைச் சுற்றிக் கொடுப்பார்கள். அதன் முதுகில் கரிப்பூச்சு இருக்கலாம், அப்படி இருந்தால் பிலிம் கழுவும் சாதாரண கலர் லேபின் யந்திரத்தில் போட்டால் ரசாயனமே கெட்டுவிடும். லேபில் முன்கூட்டிச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். முதல் ரோலுக்கு அது வேண்டவே வேண்டாம். லேபைப் பொறுத்தவரை இரண்டு கேள்வி: நெகட்டிவ் திரும்பக் கொடுப்பீர்களா, ஸ்கேன் என்ன அளவு? ஆயிரம் ரூபாய் அளவுக்குப் பிலிமுக்கும், கழுவத் தனியாகவும் கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படத்தோடு திரும்புகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். நெகட்டிவை லேபே தூக்கிப் போட்டுவிடுகிறதாம், யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். கேளுங்கள். நெகட்டிவ்தான் படம்.

கல்யாணம் மூன்று மாதம் கழித்துத்தானே, நேரம் இருக்கிறது. இந்த மாதமே ஒரு ரோல் வாங்கிக் கோயில், தெரு, வீடு என்று எடுத்துக் கழுவிப் பாருங்கள். பிலிம் போட்டதும் இடப்பக்கக் குமிழைக் கவனியுங்கள். லீவரைத் தள்ளும்போது அது தானாகச் சுற்றினால் பிலிம் ஓடுகிறது, சுற்றாவிட்டால் நாக்கு கழன்றுவிட்டது, 36 படமும் காற்றில் எடுத்ததாகிவிடும். கல்யாணத்துக்கு 400 பிலிம் வாங்குங்கள், வேக டயலின் வளையத்தைத் தூக்கித் திருப்பி 400-ல் வையுங்கள். மண்டபத்துக்குள் எஃப் 2.8, 1/60 விநாடி என்று ஆரம்பித்துப் போன் மீட்டரில் சரிபாருங்கள். 1/60-க்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் வரும். தாலி கட்டும் நேரத்தை மண்டப போட்டோகிராபரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் முதல்நாள் மதியம் சமையல்கட்டிலும் வாசல் பந்தலிலும் எடுங்கள், அங்கேதான் இந்தக் கேமராவுக்கு வேண்டிய வெளிச்சம் இருக்கும். ரோல் முடிந்ததும் அடியில் இருக்கும் சின்னப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் குமிழைச் சுற்றிப் பிலிமை உள்ளே இழுக்க வேண்டும், அதற்கு முன் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். வெளியூர் உறவினர் யாராவது விமானத்தில் ரோலைக் கொண்டுபோனால், பையில் போட்டு, பிலிமைக் கெடுக்கும் புது வகை ஸ்கேனரில் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். சோதனையில் நிற்பவர்கள் பாதிப் பேருக்குப் பிலிம் என்றால் என்னவென்றே யாரும் சொல்லித் தருவதில்லை, முறைப்பார்கள். பொறுமையாக இன்னொரு தடவை கேட்க வேண்டியதுதான்.