ஹக்கிள்பெரி ஃபின்னைத் தடை செய்யலாமா? வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மார்க் ட்வைன் எழுதிய இந்த நாவல் அமெரிக்காவில் 1885-ல் வெளியானது. குடிகார அப்பனிடமிருந்து ஓடும் ஹக் என்ற வெள்ளைக்காரச் சிறுவனும், விற்கப்படுவோமோ என்று பயந்து தப்பிய ஜிம் என்ற கறுப்பின அடிமையும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிற கதை.

காட்பாடி, ஒரு தந்தை: பதினொன்றாவது படிக்கும் மகன் எடுத்து வந்தான். கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதை ஏன் தடை செய்யவில்லை?

உங்கள் கோபம் நியாயமானது. அந்தச் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் யார் வாயில், எதற்காக வருகிறது என்று பாருங்கள். 32-ஆம் அத்தியாயத்தில், நீராவிப் படகில் ஏதோ வெடித்ததாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று, அவன் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரி சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள். அவள் கொடுமைக்காரி அல்ல, வந்தவருக்குச் சோறு போடும் பெண். அப்படிப்பட்டவளின் கணக்கிலும் கறுப்பின மனிதன் மனிதனாக வரவில்லை. ட்வைன் காட்டுவது அதைத்தான். இந்தப் பக்கத்தை மறைத்தால் குற்றவாளிக்குத்தான் லாபம்.

1885-லேயே மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் இதை விலக்கியது. அப்போது சொன்ன காரணம் இனவெறி அல்ல, நாவல் நாகரிகமற்றது என்பது.

சத்துவாச்சாரி, கல்லூரி மாணவி: அப்போது நாவலில் குறையே இல்லையா?

இருக்கிறது, பெரிய குறை. கடைசிப் பத்து அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையை விளையாட்டாக்கிவிடுகிறான். பிடிபட்டு அடைபட்டிருக்கும் ஜிம்மிடம் எலியையும் பாம்பையும் விட்டு வேடிக்கை பார்க்கிறான். எஜமானி தன் உயிலில் ஜிம்மை விடுவித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அது டாமுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. அதுவரை தகப்பனைப்போல் நின்ற ஜிம் அங்கே கேலிப்பொருளாகிறான். இதைச் சொல்லாமல் நாவலைப் புகழ்வது நேர்மையல்ல.

ராணிப்பேட்டை, நூலக உறுப்பினர்: அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டால்?

2011-ல் ஒரு பதிப்பு 'அடிமை' என்று மாற்றி வந்தது. எனக்கு உடன்பாடில்லை. ஆறாம் அத்தியாயத்தில் ஹக்கின் அப்பன் ஒஹையோவிலிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியர் ஒருவரைத் திட்டுகிறான். அவர் பல மொழி அறிந்தவர், சொந்த மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ளவர், அடிமையே அல்ல. அவருக்கும் அதே சொல்தான். அடிமைத்தனம் போன பின்னும் இழிவு போகாது என்பதே அங்கே விஷயம். 'அடிமை' என்று போட்டால் அது அழிந்துபோகும்.

ஆம்பூர்: கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்தால் தடை வருமா?

வராது. புத்தகத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவிடும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 98-ஆம் பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 95) அது. காரணத்தைச் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். அந்த உத்தரவை எதிர்ப்பவர் இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் போகலாம்.

குடியாத்தம், ஆங்கில ஆசிரியை: வகுப்பில் எப்படி நடத்துவது? பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

அந்தப் பயம் சரியானதே. பத்தாவதுக்குக் கீழே வேண்டாம். ஆறு பீரியட் ஒதுக்குங்கள்.

முதல் பீரியடில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கதை நடப்பது 1840 வாக்கில், அடிமை முறை ஒழிந்தது 1865-ல், நாவல் வந்தது 1885-ல். மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். இல்லையென்றால், ஒழிந்துபோன ஒன்றை ட்வைன் ஏன் 20 வருஷம் கழித்து வெளியிட்டார் என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு எழாது.

அந்தச் சொல்லை நீங்கள் உட்பட யாரும் வாய்விட்டுப் படிக்கக்கூடாது. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தாண்டுங்கள். வாய்விட்டுப் படித்தால் இடைவேளையில் அது கறுப்பாக இருக்கும் பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிடும். 'கருவாயா' என்று கூப்பிட ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். பழைய தமிழ் நாவல்களில் சாதிப் பெயர் வசவாக வரும் இடத்துக்கும் இதே முறைதான். அந்தச் சாதிப் பிள்ளை பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்.

மீதி ஐந்து பீரியடுக்கு 6, 15, 23, 31, 32 அத்தியாயங்கள் போதும். சுருக்கப் பதிப்பு வாங்குமுன் இவை முழுதாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள்.

வழக்கமாகத் தவறுவது ஒன்று. 'ஹக் நல்லவன், ஜிம்மைக் காப்பாற்றினான்' என்று பிள்ளைகள் எழுதி முடித்துவிடுவார்கள். ஜிம் காணாமல் போவான். அதனால் 23-ஐ நிதானமாகப் படியுங்கள். கதவைச் சாத்தச் சொல்லியும் கேட்காமல் நின்ற நாலு வயது மகளை ஜிம் அறைகிறான். காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது என்பது பிறகுதான் தெரிகிறது. பின்னாளில், ஆற்றில், விடியும் நேரத்தில் அதை நினைத்துப் புலம்புகிறான். அந்த இடத்தில் கேள்வி கேளுங்கள், சிரிப்பு வராது.

ஆற்காடு, மொழிபெயர்ப்பாளர்: ஜிம்மின் பேச்சை நம் வட்டார வழக்கில் போடலாமா?

போடலாம், ஆனால் அவனுக்கு மட்டும் போடாதீர்கள். மூலத்தில் ஹக்கும் கொச்சையாகத்தான் பேசுகிறான். ஜிம் 'இன்னா நைனா, எங்க கீற' என்க, ஹக் புத்தகத் தமிழ் பேசினால், மூலத்தில் இல்லாத ஒரு சாதிப்படியை நீங்களே கட்டிவிடுவீர்கள். இருவருக்கும் வழக்குத் தமிழே இருக்கட்டும், சாயலில் வித்தியாசம் காட்டினால் போதும். அந்த இழிசொல்லுக்கு 'நீக்ரோ' என்று போடாதீர்கள். அன்று அது சாதாரணச் சொல், வசவின் சூடு அதில் இல்லை.