நன்மை வாங்காமல் பின் வாங்கிலில்

கடிதம்:

அன்புள்ள அண்ணா,

முழங்காவில் பக்கம் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். சின்ன வயதில் இயேசுவின் பாடுகளைப் பாடும் பசான் படித்தவள், பூசையில் வாசகம் வாசித்தவள். இரண்டு வருடமாகக் கோவிலுக்குப் போவதில்லை. யாரோடும் சண்டை இல்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. கடவுள் இருக்கிறாரா என்று யோசிப்பதுகூட இப்போது இல்லை. அம்மா அழுகிறார். மகளுக்கு எட்டு மாதம், ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார். கணவர் பூசைக்குப் போகிறவர், அவருக்கும் அதுதான் விருப்பம். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்கும் கூப்பிடுகிறார் அம்மா. நம்பாமல் போய் நிற்பது பொய்தானே? யுத்த நேரம் வாய் திறக்காத திருச்சபைக்கு நான் ஏன் பிள்ளையைக் கொடுக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லாதீர்கள். கிளி பாதர் என்று நாங்கள் கூப்பிட்ட கருணாரத்தினம் அடிகள் மல்லாவி வவுனிக்குளம் வீதியில் கிளைமோரில் கொல்லப்பட்டது 2008 ஏப்ரல் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சிஸ் ஜோசப் அடிகள் 2009 மே 18 அன்று இராணுவத்திடம் சரணடைந்த சனத்தோடு சேர்ந்து போனார், அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. 2011இல் அரசாங்கத்தின் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய், கச்சேரி (அரச செயலகம்) பதிவுகளை வைத்து, வன்னிச் சனத்தில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை. கொழும்பும் ரோமும் போதாது என்றால் சரி, அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் யாரோடும் சண்டை இல்லை என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ஏன் ஒரு சண்டையைத் தேடுகிறீர்கள்? விலகியதற்குப் பெரிய காரணம் ஒன்று இருந்தால்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள் போல இருக்கிறது.

எனக்கும் அப்படி ஒரு காரணம் கையில் இருந்தது, அதனால்தான் சொல்கிறேன். யுத்தத்தில் தப்பி வந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே பூசை நடந்தது. பூசை வைத்த சுவாமி நல்ல மனிதர், எங்களோடு வெயிலில் நின்று தண்ணீர் அள்ளியவர். பிரசங்கத்தில், நீங்கள் செபமாலையை விடாதபடியால்தான் ஆண்டவர் உங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார் என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் வலைஞர்மடத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த தாய், பங்கருக்குள் எங்கள் எல்லோரையும் விடக் கூடச் செபமாலை சொன்னவர். அவர் ஆமென் சொன்னார், என்னால் முடியவில்லை. அன்றோடு விசுவாசம் போய்விட்டது என்று பல வருடம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அது உண்மை இல்லை. அதற்குப் பிறகும் நாலு வருடம் ஒழுங்காகப் போனேன், நன்மை (நற்கருணை) வாங்கினேன், பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி நோன்பு இருந்தேன். பிறகு ஒரு நாள் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்களிடம் யாராவது பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரியான புனிதை சின்ன திரேசம்மாளைப் பற்றிச் சொல்வார்கள். அவருக்கும் கடைசி ஒன்றரை வருடம், 1896 உயிர்ப்பு ஞாயிறில் இருந்து 1897இல் சாகும்வரை, மோட்சம் இருப்பதாகவே தெரியாத இருட்டு இருந்தது. உண்மைதான். ஆனால் அவர் அந்த இருட்டுக்குள் நின்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் கூப்பிடவில்லை, கூப்பிடாததில் உங்களுக்கு வலியும் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. திருப்பாடல் 88ஐ ஒரு முறை தனியே இருந்து வாசித்துப் பாருங்கள், ஆறுதல் ஒன்றும் வராமல் இருட்டிலேயே முடிகிற பாட்டு அது. வாசிக்கும்போது தொண்டை அடைத்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு யோசியுங்கள். அடைக்காவிட்டால் உங்களுடையது விலகல், அதை விலகல் என்றே சொல்லுங்கள்.

சரி, பொய்க்கு வருவோம். பின் வாங்கிலில் அம்மாவோடு இருப்பது பொய் இல்லை. செத்தவர்களின் நாளான கார்த்திகை (நவம்பர்) 2இல் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவதும் பொய் இல்லை. எங்கள் ஊர்களில் செத்தவர்களின் பெயரை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்க எத்தனை இடம் இருக்கிறது? மடுவுக்கு வருகிற சைவச் சனத்திடம் யாரும் விசுவாசப் பிரமாணம் கேட்பதில்லை, அவர்களும் மாதாவிடம் அழுதுவிட்டு மடு மண் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து இருபது குடும்பம் மாதாவின் சுருவத்தை (சிலையை) தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய கதை, நம்பினாலும் நம்பாவிட்டாலும், உங்களுடையதும்தான். 2008இல் அதே சுருவம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது, நாங்கள் இடம்பெயர்ந்ததைப் போலவே. அதனால் போங்கள்.

நான் கோடு போடுகிற இடம் ஒன்றுதான், வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம். நன்மை தரும்போது ஆமென் சொல்லித்தான் வாங்க வேண்டும், நான் வாங்குவதில்லை. ஞானஸ்நானத்தில் பெற்றோரைப் பார்த்து விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார்கள், நீங்கள் அதற்கு ஆம் சொல்லக்கூடாது. அதற்காகப் பிள்ளைக்குத் தடை போடவும் வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். கணவர் மனதாரப் பதில் சொல்லட்டும், ஞானத்தாயாக உண்மையில் செபிக்கிற ஒருவரைப் பிடியுங்கள், நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். பங்குச் சுவாமியிடம் முதலே போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், படட்டும்.

அம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும். நான் என் அம்மாவிடம் சொன்னபோது மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள், "சரி, என்ர செத்தவீட்டுக்குக் கோவிலுக்குள்ள வருவியோ, வெளியில நிப்பியோ?" என்று கேட்டார். உள்ளே வருவேன் என்றேன். போன மாசியில் உள்ளேதான் இருந்தேன், முதல் வாங்கிலில்.