செல்போனில் பொம்மைப் படம்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்டாப் மோஷன் படம் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டில் சாதாரண செல்போன்தான் இருக்கிறது, அது போதுமா? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடும் காலத்தில் இதனால் என்ன பயன்?
வாசகி, கும்பகோணம்

பதில்: போன் தாராளமாகப் போதும். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று, அப்புறம் எல்லாவற்றையும் வரிசையாக வேகமாக ஓட்டினால் பொம்மை தானே நடக்கும். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஆனால் ஒரே நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம் என்பதால் நொடிக்கு 12 போட்டோ போதும், பத்து நொடிப் படத்துக்கு 120.

போன் அசையவே கூடாது. ட்ரைபாட் இல்லையென்றால் புத்தக அடுக்கில் சாய்த்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்தது வெளிச்சம். முதல்முறை எடுப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஜன்னல் வெயிலில் எடுத்தால் மேகம் வந்து போகும்போதெல்லாம் படம் மினுக்கும். அதனால் ஜன்னலை மூடிவிட்டு ஒரு டேபிள் லேம்ப் போடுங்கள். போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன் ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை மாற்றும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதன் வெளிச்சம்கூட பொம்மை மேல் விழும், அடர் நிறச் சட்டை நல்லது.

நகர்த்துவதில்தான் மொத்தக் கலையும் இருக்கிறது. எல்லாப் படத்திலும் சம தூரம் நகர்த்தினால் பொம்மைக்கு உயிரே வராது. கிளம்பும்போது ஒரு மில்லிமீட்டர், அப்புறம் இரண்டு, நடுவில் ஐந்து, நிற்கப்போகும்போது மறுபடி இரண்டு, ஒன்று. இப்படி நகர்த்தினால் ஒரு அழிரப்பர்கூட யோசித்து நடப்பது போல இருக்கும்.

பயன் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 1933-இல் வந்த கிங் காங் படத்தில் அந்தக் குரங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பொம்மைக்குப் போர்த்தியிருந்தது முயல் தோல், ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கலைஞர்களின் விரல் பட்டு ரோமம் கலைந்ததுதான் அந்தச் சிலிர்ப்பு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோ எடுத்த வாலஸ், குரோமிட் படங்களில் களிமண் மேல் கைரேகையே தெரியும். அந்தக் கை அங்கே இருந்தது என்று பார்க்கிறவருக்குப் புரிகிறது, எனக்கு இந்தக் கலை பிடித்துப்போனது அதனால்தான். 2022-இல் மெக்சிகோ இயக்குநர் கியர்மோ டெல் டோரோ மரப்பொம்மைச் சிறுவனின் கதையான தன் பினோக்கியோவை இதே முறையில் எடுத்து ஆஸ்கரும் வாங்கினார். ஆகவே பழங்காலத்து வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மண்ணில் செய்தால் காய்ந்து வெடிக்கும், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எண்ணெய்க் களிமண் வாங்கிக் கொடுங்கள். இரண்டு கால் மனிதன் உடனே வேண்டாம், சாய்ந்து விழுந்துகொண்டே இருப்பான். அடி அகலமான நத்தையோ புழுவோ செய்யச் சொல்லுங்கள்.