சுரப்பிகள் பற்றி நம் மலையகத்துக் கேள்விகள்

ஓமோன் சுரப்பிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, தாதியாக வேலை செய்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (உயர்தர மாணவர், ஹட்டன்): எச்சில் சுரப்பிக்கும் ஓமோன் சுரப்பிக்கும் என்ன வித்தியாசம், மிஸ்?

பதில்: எச்சில் சுரப்பிக்குக் குழாய் உண்டு, தம்பி. ஓமோன் சுரப்பிக்கு இல்லை. சுரப்பதை நேரே இரத்தத்தில் விடும். இரத்தம் எங்கும் ஓடினாலும், அந்த ஓமோனுக்கான வாங்கி (ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் பகுதி) இருக்கிற கலத்தில்தான் வேலை நடக்கும்.

கேள்வி (கொழுந்து எடுக்கும் அக்கா, மஸ்கெலியா): ஓயாத அசதி, குளிர் தாங்க முடியவில்லை, உடம்பும் ஊதுகிறது. இரத்தச் சோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஓமோன்) கூடியிருக்கிறதாம். கூடினால் நல்லதில்லையா?

பதில்: இல்லை அக்கா. டிஎஸ்எச் கழுத்தில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில், பட்டாணியளவு இருக்கிற கபச்சுரப்பியில் இருந்து வருகிறது. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது அதுதான். தைராய்டு குறைவாகச் சுரந்தால், கபச்சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டிக் கூட்டி அனுப்பும். போதுமான அளவு வந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். உங்களுக்குக் கூடியே நிற்கிறது என்றால், பெரும்பாலும் தைராய்டு சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் குளிரும் அசதியும் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். எனக்கு மனது கேட்காத விஷயம் இது. சோதித்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

தைராய்டு மாத்திரையை எழும்பியதும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். பிளேன்டீயோடு வேண்டாம், தேயிலை மருந்தை உடம்பில் சேரவிடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) அவசரம் என்றால் மாத்திரையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு சரிதானா என்று ஆறு வாரம் போனால்தான் இரத்தத்தில் தெரியும். அதுவரை பொறுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அம்மம்மாவுக்குக் கழுத்தில் கழலை இருந்தது. எங்களுக்கும் வருமா?

பதில்: கழலை என்பது தைராய்டு வீங்குவது. தைராய்டு ஓமோன் செய்ய அயடீன் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். மழை மண்ணிலுள்ள அயடீனை அரித்துக்கொண்டு போய்விடுவதால், அந்தக் காலத்தில் மழை கூடிய ஈர வலயத்தில் கழலை அதிகம். 1995இல் இலங்கையில் அயடீன் உப்பு சட்டமான பிறகு நிலைமை மாறியது. உப்பை அடுப்பங்கரையில் திறந்து வைக்காமல் மூடியுள்ள போத்தலில் வையுங்கள். ஆனால் கழலைக்கு வேறு காரணங்களும் உண்டு; கழுத்தில் வீக்கம் தெரிந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): தைராய்டு மாத்திரை போடுகிறேன். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். நிறுத்தட்டுமா?

பதில்: நிறுத்தவே கூடாது, தங்கச்சி. முதல் மாதங்களில் பிள்ளை உங்கள் ஓமோனை நம்பித்தான் வளர்கிறது. மூளை வளர்ச்சிக்கும் அது தேவை. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.