400 கிலோவாட்டிலிருந்து 55-க்கு இறங்கலாமா?

கேள்வி: ஐயா, கோவையிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் மிட்ராண்டில் குடியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பிஎம்டபிள்யூ ஐ4 எம்50 எடுத்தேன். முன்பணம் போக 11 லட்சம் ரேண்ட் கடன். 72 மாதத் தவணை, 30 சதவீதம் பலூன் (கடைசியில் ஒரே தொகையாகக் கட்ட வேண்டிய பாக்கி), வட்டி 11 சதவீதம். மாதம் 17,683 ரேண்ட் போகிறது. ஓடுவதோ சாண்டன் ஆபீசுக்கும் வீட்டுக்கும், மாதம் 1,400 கி.மீ. இதை விட்டுவிட்டு பிஒய்டி டால்ஃபின் சர்ஃப் மாதிரி ஒரு சின்ன மின்சார வண்டி வாங்கினால் கரண்ட் செலவும் குறையும், மனமும் லேசாகும் என்று தோன்றுகிறது. வங்கிக் கடன் பாக்கி 7.78 லட்சம். டீலர் என் வண்டியை 6.3 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் புதுக் கடனில் சேர்த்துவிடலாம் என்கிறார். மனைவியிடம் ஒரு பெட்ரோல் எஸ்யூவி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், மாமியார் வந்து போவார். டர்பன் பக்கம் டோங்காட்டில் மாமனார் வீடு, வருடத்துக்கு மூன்று தடவை போவோம். மாற்றலாமா?
— வாசகர், மிட்ராண்ட்

பதில்: மாற்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம், டீலர் சொல்லும் வழியில் நிச்சயமாக வேண்டாம்.

கரண்ட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஐ4 நூறு கிலோமீட்டருக்கு 19 யூனிட் குடிக்கும், சின்ன வண்டி 13 குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,400 கி.மீ.க்கு வித்தியாசம் 84 யூனிட். யூனிட் மூன்றரை ரேண்ட் என்றால் 294 ரேண்ட். சாண்டனில் இரண்டு பேர் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு மேலேயே ஆகிவிடும். பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாறுபவருக்குத்தான் எரிபொருளில் பெரிய மிச்சம். அந்த மிச்சத்தை நீங்கள் மூன்று வருடம் முன்பே எடுத்தாயிற்று.

மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. காப்பீட்டு பிரீமியம் வண்டியின் மதிப்பையும் பழுது பார்க்கும் செலவையும் பார்த்துத்தான் போடப்படுகிறது. அது நன்றாகவே இறங்கும். இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் பிரீமியம் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். அடுத்தது டயர். எம்50-க்கு முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. 2.2 டன் எடை, 400 கிலோவாட் முடுக்கம், நம் ஜோபர்க் சாலைக் குழிகள் மூன்றும் சேர்ந்தால் அந்தத் தட்டையான டயர்கள் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வண்டியின் 15, 16 அங்குலச் சக்கரத்தில் ரப்பர் சதை அதிகம், குழியைத் தாங்கும், விலையும் பாதிக்குக் கீழே.

இப்போது கடன். இதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி, நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்.

7.78-க்கும் 6.3-க்கும் நடுவே 1.48 லட்சம் ரேண்ட் பள்ளம். டீலர் அதை மூடுவதாகச் சொல்லவில்லை, இடம் மாற்றுவதாகச் சொல்கிறார். சர்ஃபில் பெரிய பேட்டரி உள்ள 3.9 லட்சத்து வண்டிக்கு 5.38 லட்சம் கடன் எழுதினால், அதே 11 சதவீதத்தில் 72 மாதத்துக்கு மாதத் தவணை 10,240 வரும். 17,683-லிருந்து 10,240 என்றதும் யாருக்கும் முகம் மலரும். ஆனால் அதில் 2,817 ரேண்ட், நீங்கள் ஓட்டாத, வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருக்கும் ஐ4-க்காகக் கட்டுவது. ஆறு வருடத்தில் அது மட்டும் 2 லட்சத்தைத் தாண்டும். இன்னும் மோசம், முதல் நாளே வண்டியின் மதிப்பைவிடக் கடன் ஒன்றரை லட்சம் கூடுதல். நடுவில் வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ காப்பீடு வண்டியின் மதிப்பைத்தான் தரும். பாக்கி உங்கள் தலையில். (அந்தப் பள்ளத்துக்கென்று தனிக் காப்பீடும் விற்பார்கள். அதற்கும் பிரீமியம்.)

நான் சொல்லும் வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். முதலில் வங்கியிடம் கடனை முழுதாகத் தீர்க்க வேண்டிய தொகையை எழுத்தில் கேளுங்கள். தேசியக் கடன் சட்டப்படி 5 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். உங்கள் 7.78 லட்சத்தில் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். 2.5 லட்சம் ரேண்டும் அதற்கு மேலும் உள்ள கடன் ‘பெரிய’ கடன். முன்னறிவிப்பு இல்லாமல் முடித்தால் மூன்று மாத வட்டி வரை வங்கி கேட்கலாம். உங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 21,000 ரேண்ட். மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டணம் கிடையாது. அந்த மூன்று மாதமும் நீங்கள் கட்டும் தவணையில் அசலில் சுமார் 32,000 கழியும். வண்டியின் விலையும் அதற்குள் கொஞ்சம் இறங்கும்தான், ஆனாலும் காத்திருப்பது நஷ்டமில்லை.

அந்த இடைவெளியில் நேரடியாக விற்கப் பாருங்கள். டீலர் கேட்பது அவர் லாபத்தைக் கழித்துக்கொண்ட விலை. தனியாரிடம் 7 லட்சத்துக்கு மேல் போனால் பள்ளம் கையிருப்பால் மூடக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு சிக்கல் உண்டு: கடன் தீரும் வரை பதிவில் ‘டைட்டில் ஹோல்டர்’, அதாவது வண்டி யாருக்குச் சொந்தமோ அவர், வங்கிதான்; நீங்கள் வண்டியைப் பயன்படுத்தும் ‘ஓனர்’ மட்டும். வாங்குபவர் பணம் முதலில் வங்கிக்குப் போய்க் கடன் தீர்ந்த பிறகுதான் பத்திரம் கைக்கு வரும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்றிதழ் எடுக்க வேண்டும். உரிமை மாற்ற அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் அன்றே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் வேகமாக ஓட்டியதற்கெல்லாம் அபராதச் சீட்டு மிட்ராண்டுக்கு வரும்.

மீதிப் பள்ளத்தைக் கையிலிருந்து கட்ட முடியாது என்றால்? அப்படியானால் இப்போது மாற்ற வேண்டாம். ஐ4-ன் பெரிய விலைச்சரிவு முடிந்துவிட்டது, அதற்கான விலையை நீங்கள் கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள், முடிந்த மாதங்களில் அசலில் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூன்று வருடம் கழித்து 3.3 லட்சம் பலூன் ஒரே தொகையாக வந்து நிற்கும்.

வண்டிக்கு வருவோம். டால்ஃபின் சர்ஃப் 2025-ல் இங்கே வந்தது, அப்போது தொடக்க விலை 3.4 லட்சம் ரேண்டுக்குள். பெரிய பேட்டரி உள்ளது 38.8 யூனிட், கம்பெனி சொல்லும் ஓட்டம் 295 கி.மீ. மோட்டார் 55 கிலோவாட். உங்கள் எம்50 நூறைத் தொட 3.9 வினாடி எடுத்துக்கொள்ளும். இதில் அந்த நினைப்பையே விட்டுவிட வேண்டும். ஆபீஸ் நேரத்து என்1 நெடுஞ்சாலையில் அந்த 3.9 வினாடியை எங்கே செலவழித்தீர்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் வெறும் வண்டியாக ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். குடும்பத்தோடு ஏறி, பக்ளூ சந்திப்பில் என்1-க்குள் ஒரு முறை நுழைந்து பாருங்கள். பின்னால் 120-ல் லாரி வரும்போது உங்களுக்கு வயிறு கலங்கவில்லை என்றால் சரி.

இந்த வண்டியில் இருக்கை நான்குதான். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். மாமியார் வந்தால் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

டோங்காட் பயணத்துக்கு இதை எடுக்காதீர்கள், எஸ்யூவியில் போங்கள். டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலையில் 120-ல் போனால் 295 என்பது 200 சொச்சமாகிவிடும். வழியில் உள்ள ஹாரிஸ்மித்தே மிட்ராண்டிலிருந்து 270 கி.மீ.க்கு மேல். ஆகவே அதற்கு முன்பே ஒரு நிறுத்தம், பிறகும் நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 30-லிருந்து 80 சதவீதம் வர அரை மணி, வரிசை இருந்தால் இன்னும். போகும்போதாவது கீழ்நோக்கிய பாதை. திரும்பும்போது கடல் மட்டத்திலிருந்து மிட்ராண்டின் 1,600 மீட்டர் உயரத்துக்கு வண்டியைத் தூக்க வேண்டும். ஆட்களோடு ஒன்றரை டன் வண்டியை அவ்வளவு உயரம் ஏற்ற மட்டும் 6, 7 யூனிட் போகும், பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்குப் பாதி ஜோபர்க்கே அந்தச் சாலையில் இறங்கும்போது இந்தப் பரீட்சை தேவையில்லை.

பேட்டரி விஷயத்தில் பழக்கத்தை மாற்ற வேண்டும். ஐ4-ல் 80 சதவீதத்தோடு நிறுத்திப் பழகியிருப்பீர்கள். இதில் இருப்பது இரும்பு-பாஸ்பேட் வகை, அவ்வப்போது நூறு வரை ஏற்றுவது இதற்கு நல்லது. அப்போதுதான் மீட்டரும் சரியாகக் காட்டும். தினம் 50 கி.மீ.க்கு 7 யூனிட் போதும் என்பதால் சாதாரண பிளக்கிலேயே மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும். கூரையில் சோலார் வைத்து 5 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டிருப்பவர்களுக்கு இதுதான் தோது. 7 கிலோவாட் சார்ஜர் அதை மூச்சு முட்ட வைக்கும். பிளக் இழுப்பது 2 கிலோவாட் சொச்சம், பகல் வெயிலிலேயே முடிந்துவிடும்.

ஐந்து இருக்கை வேண்டும் என்று வீட்டில் முடிவானால் ஒரு படி மேலே உள்ள பெரிய டால்ஃபினை, ஷோரூம் ஓட்டிக் காட்டிய டெமோ வண்டியாகத் தேடுங்கள். சின்ன மின்சார வண்டிகளின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் புது வண்டியின் முதல் வருட நஷ்டத்தை வேறு யாராவது ஏற்கட்டும்.

கேள்வி: என் தங்கை மகன் 2014 நிசான் லீஃப் மின்சார வண்டி ஒன்றைத் தனியாரிடம் பார்த்து வைத்திருக்கிறான். நான் கடைக்கும் கோயிலுக்கும் போய்வரத்தான். விற்பவர் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (இருக்கிறபடியே வாங்குகிறேன்) என்று எழுதிக் கையெழுத்து கேட்கிறார். வாங்கலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, கையெழுத்துக்கு முன் மீட்டர் பலகையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சார்ஜ் அளவைக் காட்டும் கோடுகளுக்குப் பக்கத்தில் குட்டிக் கோடுகள் இருக்கும். புதிதில் அவை 12. அது பேட்டரியின் உடல்நலம், அன்றைய சார்ஜ் அல்ல. முதல் கோடு போவதற்கே கொள்ளளவில் 15 சதவீதம் போயிருக்க வேண்டும். அந்த வருடத்து லீஃப்புக்கு 24 யூனிட் பேட்டரி, அதைக் குளிர்விக்க எந்த அமைப்பும் கிடையாது. டர்பன் வெயிலில் பத்து வருடம் நின்ற வண்டி என்றால் எட்டு, ஒன்பது கோடு இருந்தாலே அதிர்ஷ்டம். அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். நூறு வரை ஏற்றி, உங்கள் வழக்கமான சுற்றை ஏசியோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் தங்கை மகனை. மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்.

அதன் வேகச் சார்ஜ் முனை சாடெமோ வகை. இப்போது வரும் வண்டிகளெல்லாம் சிசிஎஸ் 2 என்ற வேறு முனை. கடைக்கும் கோயிலுக்கும் வீட்டுப் பிளக்கே போதும் என்பதால் உங்களுக்கு அது குறையில்லை, விற்கும்போது குறை. விலை பேசும்போது சொல்லுங்கள்.

கையெழுத்து பற்றி. டீலரிடம் வாங்கினால் அந்த ‘இருக்கிறபடியே’ வாசகம் உங்களை அவ்வளவு எளிதில் கட்டாது. 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குத் தர உத்தரவாதம் தருகிறது. குறை வந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கும் உரிமை உங்களுடையது. வாங்கும் முன்பே எழுதிக் காட்டி நீங்கள் ஏற்றுக்கொண்ட குறைக்கு மட்டும் இது பொருந்தாது. டீலர் மசியாவிட்டால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் வீட்டில் நிற்கும் தன் வண்டியை விற்கும் தனி ஆளுக்கு இந்தச் சட்டம் இல்லை. அங்கே ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ செல்லும். தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால் ஒழிய அவரை ஒன்றும் செய்ய முடியாது. எனவே கோடுகளின் எண்ணிக்கையை விற்பனைத் தாளிலேயே எழுதி, மீட்டரைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் தயங்கினால் அதுவே பதில்.

கேள்வி: செஞ்சூரியனில் டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸ். சார்ஜர் போட நிர்வாகிகள் விடமாட்டேன் என்கிறார்கள். கேட்காமலே போட்டுவிட்டால்?
— வாசகர், செஞ்சூரியன்

பதில்: போடாதீர்கள். பார்க்கிங் இடம் பொதுச் சொத்தாக இருக்கலாம், அல்லது உங்கள் உபயோகத்துக்கென்று ஒதுக்கிய பொதுச் சொத்தாக இருக்கலாம். இரண்டிலும் எழுத்து அனுமதி வேண்டும். நிர்வாகிகளின் பயம் பெரும்பாலும் நியாயமானதுதான்: வீட்டுக்கு 60 ஆம்பியர் வரும் இடத்தில் 7.4 கிலோவாட் சார்ஜர் 32-ஐ இழுத்துக்கொள்ளும், கீசர் இன்னொரு 13. அடுப்பும் ஓடினால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். ஆகவே மற்றச் சுமையைப் பார்த்துத் தன்னைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர், உங்கள் மீட்டரிலிருந்தே தனிக் கம்பி, பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனின் இணக்கச் சான்றிதழ் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதற்கும் காரணம் சொல்லாமல் மறுத்தால் சமூகக் குடியிருப்புகளுக்கான குறைதீர்ப்புச் சேவையில், அதாவது சிஎஸ்ஓஎஸ்-ல், மனுக் கொடுக்கலாம். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.