வேலையை விட்டால் நிம்மதி வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 46. இருபது வருட உழைப்பில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். வீடு இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். நினைத்ததெல்லாம் கிடைத்த பிறகு இப்போது எதிலும் பிடிப்பில்லை. இரண்டு வருடமாக ஆன்மிகச் சொற்பொழிவுகள் கேட்டு வருகிறேன். பணமே பந்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. சம்பளம் உயர்ந்தால் சந்தோஷம் வருவதில்லை, குற்ற உணர்ச்சிதான் வருகிறது. எங்கள் தொழிலில் சிறு சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது வழக்கம், அதற்குக் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தான். உலகமே இப்படித்தான் என்று வெறுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஓர் ஆசிரமத்தில் போய் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. மனைவியிடம் சொன்னேன். "உங்க அம்மாவை யார் பார்த்துக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பொருளும் அருளும் ஒன்றாக இருக்கவே முடியாதா? நம் சாஸ்திரங்கள் என்ன சொல்கின்றன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே வரியில்தான் மனது போய் நின்றது. அது எந்த வரி என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பணமே பந்தம் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்க்கைக்கு நான்கு பயன்களை வைத்த மரபு இது. பொருளை அந்த வரிசையிலிருந்து யாரும் தூக்கி எறியவில்லை. அர்த்தசாஸ்திரம் ஒருபடி மேலே போய், அறத்துக்கும் இன்பத்துக்கும் பொருள்தான் வேர் என்றே சொல்கிறது. இல்லறத்தான் சம்பாதித்துப் போடுவதால்தான் மாணவனும் வனத்தில் இருப்பவனும் துறவியும் சாப்பிடுகிறார்கள் என்று தர்மசாஸ்திரங்கள் ஒளிக்காமல் சொல்கின்றன. நீங்கள் போய் இருக்க நினைக்கும் ஆசிரமத்திலும் அடுப்பு எரிவது யாரோ ஒருவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில்தான்.

இதையெல்லாம் நீங்கள் முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு மனிதரைக் காட்ட ஆசைப்படுகிறேன். பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் யாக்ஞவல்கியர். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் பணத்தின் முன்னால் அவர் கூச்சப்படுவதே இல்லை.

விதேக நாட்டு அரசர் ஜனகர் ஒரு பெரிய வேள்வி நடத்துகிறார். கொம்புகளில் பொன் கட்டிய 1000 பசுக்களை நிறுத்தி, உங்களில் பிரம்மத்தை நன்கு அறிந்தவர் யாரோ அவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. யாக்ஞவல்கியர் தம் மாணவனைக் கூப்பிட்டு, பசுக்களை ஓட்டிப் போ என்று சொல்லிவிடுகிறார். மற்றவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீர்தான் எங்களில் பெரிய ஞானியோ என்று ஒருவர் கேட்க, பெரிய ஞானி யாரோ அவருக்கு என் வணக்கம், எனக்கு வேண்டியது பசுக்கள்தான் என்று பதில் வருகிறது. அதன் பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார்கள், அத்தனைக்கும் அசராமல் பதில் சொல்கிறார்.

இன்னொரு நாள் அவரே ஜனகரைப் பார்க்கப் போகிறார். எதற்காக வந்தீர், பசுக்களுக்காகவா, நுட்பமான கேள்விகளுக்காகவா என்று ஜனகர் கேட்கிறார். "இரண்டுக்கும்தான், சக்கரவர்த்தி" என்கிறார் யாக்ஞவல்கியர். பொருளும் அருளும் ஒன்றாக இருக்க முடியுமா என்று நீங்கள் என்னிடம் கேட்டதற்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் அந்தக் காட்சி அதோடு முடியவில்லை, எனக்கு முக்கியமாகப் படுவதே இனிமேல் வருவதுதான். பேச்சு வளர வளர ஜனகர் மகிழ்ந்துபோய், 1000 பசுக்கள் தருகிறேன், தருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். யாக்ஞவல்கியரும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்கிறார்: முழுமையாகக் கற்றுக்கொடுக்காமல் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் தந்தையின் கருத்து. பசு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன அதே மனிதர்தான், தன் பங்குக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்காமல் கை நீட்ட மாட்டேன் என்கிறார். அறத்தின்மேல் நிற்கும் பொருள் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். சிறு சப்ளையர்களின் பணத்தை இழுத்தடிப்பது வழக்கம், கையெழுத்து உங்களுடையது. இதை ஏதோ போகிற போக்கில், உலகம் எவ்வளவு மோசம் என்பதற்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ உங்கள் கடிதம் முழுவதுமே அந்த வரியிலிருந்துதான் பிறந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் உணர்வது பணத்தின் மேல் வந்த வெறுப்பாக இல்லாமல், அடுத்தவனுக்குச் சேரவேண்டியதைப் பிடித்து வைத்திருக்கும் கை எரிகிற எரிச்சலாக இருக்கலாம். சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்காமல் இருக்கிறோம் என்று உங்கள் மனசாட்சிக்குத் தெரிகிறது. அதற்கு நீங்கள் ஆன்மிகத் தேடல் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். உண்மையான தேடல் உங்களிடம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் இந்த முள்ளை எடுக்காமல் எத்தனை தூரம் நடந்தாலும் அது கூடவேதான் வரும், ஆசிரமத்துக்கும் வரும்.

விட்டுவிட்டுப் போவது பற்றி கீதையில் ஒரு கறாரான இடம் இருக்கிறது. அர்ஜுனன் முதலில் கேட்டதும் கிட்டத்தட்ட நீங்கள் கேட்பதுதான், பெரியவர்களைக் கொன்று அனுபவிப்பதைவிடப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவது மேல் என்கிறான். கேட்பதற்குப் பெரிய துறவு மாதிரி இருக்கிறது, ஆனாலும் கிருஷ்ணர் அதை ஏற்கவில்லை. பதினெட்டாவது அத்தியாயத்தில், ஒரு கடமையைக் கஷ்டமாக இருக்கிறதே என்று உடல் வருத்தத்துக்குப் பயந்து விட்டால் அது ராஜச தியாகம், அதாவது ரஜோ குணத்தால் செய்த தியாகம், அதற்குத் தியாகத்தின் பலன் கிடைக்காது என்று சொல்கிறார். உங்கள் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நீங்கள் கிளம்பினால், அந்தச் சுமை உங்கள் மனைவியின் தலையில் ஏறும். உங்கள் துறவுக்கு அவர் விலை கொடுப்பார். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வைராக்கியம், அதாவது பற்றற்ற மனநிலை, எந்த நாள் வருகிறதோ அந்த நாளே புறப்பட்டுவிடலாம் என்று ஜாபால உபநிடதம் சொல்கிறது. ஆதிசங்கரரும் ஞானத்துக்குத் துறவை மிக உயர்வாகத்தான் வைக்கிறார். இல்லறமே போதும் என்று எல்லா ஆசாரியர்களும் ஒரே குரலில் சொன்னதாக நான் சொன்னால் அது பொய். ஆனால் அவர்கள் சொல்லும் வைராக்கியம் வேறு, மயான வைராக்கியம் வேறு. சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று எல்லாம் மாயை என்று தோன்றும், நாலாம் நாள் பழையபடி கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுவோம். உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரிய ஒரு வழி இருக்கிறது. நாளைக்கே உங்கள் மனதுக்குப் பிடித்த, யாரையும் ஏமாற்றாத ஒரு வேலை இதே சம்பளத்தில் கிடைத்தால், அப்போதும் ஆசிரமம் போகத் தோன்றுமா? தோன்றும் என்றால் அது பெரிய விஷயம், அதை மதித்து நிதானமாக ஏற்பாடுகள் செய்யலாம். தோன்றாது என்றால் நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

யாக்ஞவல்கியரும் கடைசியில் வீட்டை விட்டுப் போகிறார். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை. அவருக்கு மைத்ரேயி, காத்யாயனி என்று இரண்டு மனைவிகள். மைத்ரேயி, நான் இந்த நிலையை விட்டுப் புறப்படப் போகிறேன், உனக்கும் காத்யாயனிக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுத்து ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று மைத்ரேயியைக் கூப்பிட்டுச் சொல்கிறார். செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் என்னுடையதானால் நான் அமரத்துவம் அடைவேனா என்று மைத்ரேயி கேட்கிறாள். இல்லை, வசதி உள்ளவர்களின் வாழ்க்கை எப்படியோ அப்படி உன் வாழ்க்கை இருக்கும், அமரத்துவத்துக்கு மட்டும் செல்வத்தால் வழியில்லை என்கிறார். கவனியுங்கள், செல்வம் பாவம் என்று அவர் சொல்லவில்லை. அது எதைத் தரும், எதைத் தராது என்று மட்டும் சொல்கிறார். இருபது வருடமாக நீங்கள் பணத்திடம் வீட்டையும் கேட்டீர்கள், பிள்ளைகளின் படிப்பையும் கேட்டீர்கள், அது கொடுத்தது. கூடவே நிறைவையும் அதனிடமே எதிர்பார்த்தீர்கள், அது அதன் கையில் இல்லாத பொருள்.

நீங்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னும் ஆறு மாதத்துக்கு ராஜினாமா பற்றி யோசிக்காதீர்கள். நிலுவையில் இருக்கும் சின்ன பில்களை எடுத்து, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதையெல்லாம் உடனே கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். அதிகாரத்துக்கு மேலே உள்ளவற்றுக்காக மேலிடத்தில் போய்ச் சண்டை போடுங்கள். இதனால் உங்கள் பெயர் கொஞ்சம் கெடலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். பணம் பந்தம் என்று நம்புகிறவருக்கு அது பெரிய நஷ்டமாக இருக்காது. காலையில் அரை மணி நேரம் ஜபமோ தியானமோ பாராயணமோ, உங்களுக்குப் பழக்கமானது எதுவோ அதைச் செய்யுங்கள். சொற்பொழிவு கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நல்லது, இரண்டு வருடம் கேட்டாயிற்று. அப்படியும் அந்த நிறுவனத்தில் எதையும் மாற்ற முடியவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள், அதை நானே சொல்வேன்.

அப்புறம் ஒன்று. உங்கள் மனைவி கேட்ட ஒரே ஒரு கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் நீங்கள் ஏதாவது கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு இருக்கும் அவருக்கும் இதெல்லாம் எதற்கு என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கும். யாக்ஞவல்கியர் பேசியதால்தான் மைத்ரேயிக்குள் அப்படி ஒரு கேள்வி இருந்தது அவருக்கே தெரிந்தது. இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரைக் கேட்டுப் பாருங்கள்.